‘தரப்படுத்தல்’ என்றொரு தொழிற்பெயர்

மொழியியல் படிப்பவர்களுக்குத் ‘தரப்படுத்தல்’ ஓர் எளிய கலைச்சொல். பல வழக்குகளுள் ஒன்றை எழுத்துக்கும் கல்விக்கும் உரிய பொது வடிவமாக நிலைநிறுத்தும் செயல்முறையை அது குறிக்கும். என் முனைவர் பட்ட ஆய்வேட்டில் அச்சொல் பக்கத்துக்குப் பக்கம் வருகிறது. ஈழத்தமிழரின் நினைவிலோ அதே சொல், 1970களில் இலங்கைப் பல்கலைக்கழகங்களின் வாயிலில் தமிழ் மாணவர்களுக்கு விதிக்கப்பட்ட வரம்பைக் குறிக்கிறது. இந்த இரண்டாம் பொருளை நூல்களில் படித்திருந்தேன். அதன் கனத்தை எனக்கு உணர்த்தியவர், ரிச்சர்ட்ஸ் டவுனில் நான் குடியிருக்கும் வீட்டின் கீழ்த்தளத்தில் வசிக்கும் யாழ்ப்பாணத்துப் பெரியவர்.

மாலைகளில் ரிச்சர்ட்ஸ் பூங்காவைச் சுற்றி நாங்கள் சேர்ந்து நடப்பதுண்டு. ஒரு நாள் என் ஆய்வைப் பற்றிக் கேட்டார். எழுத்துத் தமிழைத் தரப்படுத்திய வரலாறு என்றேன். “எங்களுக்கு அந்தச் சொல் வேற, தம்பி” என்றார். சிறிது தூரம் நடந்தபின், “என்ர புள்ளி இருநூற்று முப்பத்தாறு” என்றார். வேறெதுவும் சொல்லவில்லை. அந்த எண்ணின் பொருள் வீடு திரும்பி அட்டவணையைப் பார்த்தபோதுதான் விளங்கியது. 1971ஆம் ஆண்டு அனுமதியில், பேராதனைப் பொறியியல் பீடத்துக்குச் சிங்கள மொழிமூல மாணவர் பெற வேண்டிய புள்ளி 227. தமிழ் மொழிமூல மாணவர் பெற வேண்டியது 250. மருத்துவத்துக்கு இது முறையே 229, 250.

1970க்கு முன்பு அனுமதி திறந்த போட்டியில், பெற்ற புள்ளிகளின் வரிசைப்படி நடந்தது. அறிவியல் துறைகளில் தமிழ் மாணவர்கள் தம் மக்கள்தொகை விகிதத்தை விட மிகுதியாக இடம்பெற்றனர். தமிழ்த் தேர்வாளர்கள் தாராளமாகப் புள்ளி வழங்கினர் என்ற குற்றச்சாட்டு எழுந்தது, அது நிறுவப்படவில்லை. ஆயினும் 1971இல் மொழிமூலத்துக்கேற்ப வேறுபட்ட தகுதிப் புள்ளிகள் வந்தன. 1973இல் அவ்வேறுபாடு புள்ளியியல் வடிவம் பெற்றது. ஒவ்வொரு மொழிமூலத்தின் புள்ளிகளும் ஒரே சராசரிக்கும் ஒரே திட்ட விலக்கத்துக்கும் மாற்றப்பட்டன. விளைவாக, எந்த மொழியில் எத்தனை பேர் தேர்வெழுதினரோ அந்த விகிதத்திலேயே தேர்ச்சியும் அமைந்தது. ஒரு மொழிமூலத்தில் அறிவியல் கற்பித்தல் உண்மையிலேயே சிறந்திருந்தாலும், அந்த வேறுபாட்டைத் திருத்தப்பட வேண்டிய பிழையாகவே இச்சூத்திரம் கருதியது. 1974இல் இதன்மேல் மாவட்ட ஒதுக்கீடு சேர்ந்தது. நாட்டு மக்கள்தொகையில் 7 விழுக்காட்டைக் கொண்ட வட மாகாணம் 1969இல் அறிவியல்சார் படிப்புகளுக்கு 27.5 விழுக்காடு மாணவரை அனுப்பியது. 1974இல் அது 7 விழுக்காடாயிற்று.

இந்த எண்களை உயர்கல்வியில் யூத மாணவர்களுக்கு விதிக்கப்பட்ட வரம்புகளின் வரலாற்றோடு சேர்த்து வாசிக்க வேண்டும் என்பது என் எண்ணம். ஜார் ஆட்சி 1887இல் வெளிப்படையாகவே பேசியது. யூதர் குடியிருக்க அனுமதிக்கப்பட்ட எல்லைப் பகுதியில் 10 விழுக்காடு, அதற்கு வெளியே 5, மாஸ்கோவிலும் பீட்டர்ஸ்பர்க்கிலும் 3 என்று உச்சவரம்பு வகுத்தது. ஹங்கேரியின் 1920ஆம் ஆண்டுச் சட்டம் நாகரிகமாகப் பேசியது. அதன் வாசகத்தில் ‘யூதர்’ என்ற சொல் இல்லை. மாணவர் எண்ணிக்கை நாட்டிலுள்ள இனங்கள், தேசிய இனங்களின் விகிதத்துக்கு ஒத்திருக்க வேண்டும் என்று மட்டுமே அது கூறியது. நடைமுறையில் அது யார்மீது பாயும் என்பதை அனைவரும் அறிந்திருந்தனர். ஹார்வர்டில் தலைவர் லோவெல் 1922இல் முன்வைத்த வெளிப்படையான வரம்பை ஆசிரியர் குழு ஏற்கவில்லை. அதன்பின் நிலப்பகுதிப் பரவலும் விண்ணப்பதாரரின் ‘குணநலனும்’ அளவுகோல்களாயின. விண்ணப்பத்துடன் நிழற்படமும் கோரப்பட்டது. 1925இல் கால் பங்கைத் தாண்டியிருந்த யூத மாணவர் விகிதம் பின்னர் சுமார் 15 விழுக்காட்டுக்கு இறங்கியது.

மொழியியல் மாணவனாக எனக்கு இங்கே தென்படுவது ஒன்று. பாதிக்கப்படுவோரின் பெயர் விதியின் வாசகத்திலிருந்து படிப்படியாக மறைகிறது. விதியின் வேலை மறைவதில்லை. ‘தரப்படுத்தல்’ என்பதும் அத்தகைய சொல்லே. ‘தரப்படுத்து’ என்ற வினைக்கு எழுவாயும் செயப்படுபொருளும் வேண்டும்; யார், யாரை, எதன் அடிப்படையில் என்று கேட்கலாம். அதைத் தொழிற்பெயராக்கிவிட்டால் அக்கேள்விகள் இல்லாமலே வாக்கியம் முழுமையாகிவிடுகிறது.

இனி, தமிழகத்திலும் கர்நாடகத்திலும் படிக்கும் நாம் தவிர்க்கக் கூடாத கேள்விக்கு வருகிறேன். மைசூர் அரசு அரசுப்பணியில் பிராமணரல்லாதாரின் பங்கை ஆராய 1918இல் மில்லர் குழுவை அமைத்தது. சென்னை மாகாணத்தில் வகுப்புவாரி அரசாணை இருந்தது. அதன்படி ஒவ்வொரு 14 இடங்களிலும் பிராமணரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்படுத்தப்பட்ட இந்துக்களுக்கு 2, தாழ்த்தப்பட்டோருக்கு 2, பிராமணர்களுக்கு 2, ஆங்கிலோ இந்தியர் மற்றும் இந்தியக் கிறித்தவர்களுக்கு 1, முஸ்லிம்களுக்கு 1. இதுவும் ஹங்கேரியின் விகிதாசாரமும் ஒன்றுதானே என்று இட ஒதுக்கீட்டை எதிர்ப்போர் கேட்பதுண்டு. இட ஒதுக்கீட்டின் பயனாகப் பல்கலைக்கழகம் புகுந்த முதல் தலைமுறையைச் சேர்ந்தவன் என்ற முறையில், இக்கேள்வியை எரிச்சலோடு ஒதுக்குவதைவிட விடைசொல்வதே நேர்மை என்று கருதுகிறேன்.

வடிவத்தில் ஒற்றுமை உண்டு என்பதை ஒப்புக்கொள்ளலாம். எல்லா இடங்களையும் வகுப்புகளுக்குப் பகிர்ந்தளித்தால் ஒவ்வொருவரின் பங்கும் உச்சவரம்பாகவும் ஆகிவிடுகிறது. சண்பகம் துரைராஜன் வழக்கில் 1951இல் உச்ச நீதிமன்றம் அந்த ஆணையைச் செல்லாதென்றது. அதே ஆண்டு முதல் அரசியலமைப்புத் திருத்தம் 15(4) பிரிவைச் சேர்த்தது. அதன்பின் வளர்ந்த முறையில் பொதுப்போட்டிக்கென இடங்கள் உள்ளன. ஒதுக்கீடு ஒரு பிரிவினருக்குக் கீழ்வரம்பை அமைக்கிறதேயன்றி, மற்றொரு பிரிவின் எண்ணிக்கைக்கு மேல்வரம்பை எழுதுவதில்லை.

எனினும் வேறுபாட்டை வடிவத்தில் மட்டும் தேடினால் போதாது. ஒதுக்கீடு ‘இவர்கள் ஏன் இங்கில்லை’ என்ற கேள்வியிலிருந்து பிறக்கிறது. வரம்பு ‘இவர்கள் ஏன் இத்தனை பேர்’ என்ற கேள்வியிலிருந்து பிறக்கிறது. 1971ஆம் ஆண்டின் புள்ளி வேறுபாட்டை இதைக்கொண்டு சோதித்துப் பார்க்கலாம். கொழும்பின் வசதிமிக்க பள்ளியில் சிங்களத்தில் படித்தவருக்குக் குறைந்த புள்ளி போதும். மன்னாரின் சிற்றூரிலோ மலையகத்தின் லயன் அறையிலோ தமிழில் படித்தவருக்குக் கூடுதல் புள்ளி வேண்டும். இவ்விதி வறுமையை அளக்கவில்லை, பள்ளியின் குறைபாட்டை அளக்கவில்லை. மொழியை மட்டுமே அளந்தது. அதுவும் 1956இன் தனிச்சிங்களச் சட்டத்தால் அரசுப்பணியின் கதவு தமிழருக்கு ஒடுங்கிவந்த காலத்தில். நீரும் நிலமும் குறைந்த யாழ்ப்பாணக் குடாநாட்டில், மிஷனரிப் பள்ளிகள் விதைத்த கல்வியே பிழைப்புக்கு வழியாக இருந்தது. எஞ்சிய வழி மருத்துவமும் பொறியியலும். வரம்பு விழுந்தது அங்கேதான்.

மாவட்ட ஒதுக்கீட்டைப் பற்றி இதே தீர்ப்பை நான் வழங்கமாட்டேன். அது கொழும்பு மாவட்டத்தின் இடங்களையும் குறைத்தது. கண்டிப் பகுதிச் சிங்களக் கிராமங்களுக்கும், வவுனியா, மன்னார் போன்ற மாவட்டங்களின் தமிழ், முஸ்லிம் மாணவர்களுக்கும் வாயில் திறந்தது. யாழ்ப்பாணத்தின் இழப்பைத் தமிழர் அனைவரின் இழப்பாக மட்டுமே எழுதும்போது, வன்னியின் மாணவர் நம் வரலாற்றிலிருந்து விடுபட்டுப் போகிறார். பின்தங்கிய பகுதிக்கான நியாயம் உண்மையானது. மொழியடிப்படையிலான வரம்பின்மேல் அதே பெயரில் அது ஏற்றப்பட்டதால்தான், இரண்டையும் பிரித்துப் பேச இன்றும் தடுமாறுகிறோம். மொழிவாரித் தரப்படுத்தல் 1970களின் இறுதியில் கைவிடப்பட்டது. இன்றைய இலங்கையில் 40 விழுக்காடு இடங்கள் நாடளாவிய தகுதிக்கும், 55 மாவட்டங்களுக்கும், 5 பின்தங்கிய மாவட்டங்களுக்கும் செல்கின்றன. அதற்குள் ஒரு தலைமுறை பல்கலைக்கழகத்தின் மீதும் அரசின் மீதும் நம்பிக்கை இழந்துவிட்டது. 1970இல் தமிழ் மாணவர் பேரவையில் திரண்ட இளைஞர்களின் கோபம் பின்னர் எத்திசையில் சென்றது என்பதை நாம் அறிவோம்.

நம்மில் பலர் இனி அனுமதிக் குழுக்களில் அமர்வோம், விதிகளை வரைவோம், மதிப்பெண்களைச் சமன்செய்யும் சூத்திரங்களுக்குக் கையெழுத்திடுவோம். ‘சமன்செய்தல்’, ‘சீராக்கம்’, ‘பரவல்’ என்ற தொழிற்பெயர்கள் அப்போது நம் முன் வரும். அவற்றை ஒருமுறையேனும் வினையாக்கி, எழுவாயையும் செயப்படுபொருளையும் நிரப்பி வாசித்துவிட்டுக் கையெழுத்திடுங்கள் என்பதே சக ஆய்வாளர்களிடம் என் வேண்டுகோள்.