குமிழியும் குரலும்

பழைய பிக்கப் வண்டியின் பிரேக் மிதி பஞ்சுபோல் அமிழ்ந்தால், குழாயில் காற்று புகுந்திருக்கலாம். பிரேக் எண்ணெய் எளிதில் சுருங்காது. காலின் விசையைச் சக்கரம்வரை கொண்டு செல்லும். காற்றோ தான் சுருங்கி, அவ்விசையை விழுங்கிவிடும். சுமையோடு சரிவில் இறங்கும் வண்டிக்கு இஃது உயிராபத்து.

கசிவு இருப்பின் முதலில் அதைச் சரிசெய்வர். பின்னர் ஒருவர் மிதியை அழுத்திப் பிடிக்க, மற்றவர் சக்கரத்தின் உட்புறமுள்ள திருகைத் தளர்த்துவார். குமிழிகளுடன் எண்ணெய் வெளியேறும். திருகை இறுக்கிய பின்பே மிதியை விடவேண்டும். முந்தினால் காற்று மீண்டும் புகும். தொட்டியில் எண்ணெய் வற்றினாலும் அவ்வாறே. குமிழி நிற்கும்வரை ஒவ்வொரு சக்கரத்திலும் இப்பணி தொடரும்.

மிதிப்பவருக்குத் திருகு தெரியாது. திருகுபவருக்கு மிதி தெரியாது. ‘பிடி’, ‘விடு’ என்னும் இரு சொற்களே அவர்களை இணைக்கின்றன. பிறர் உயிரைக் காக்கும் பணியில், சொல் கேட்டுப் பொறுத்திருப்பதும் ஒரு திறமையே.