உலை அவிந்த பின்

திருவில்லிபுத்தூர் ஆண்டாள் கோயில் தூணில் வீரபத்திரன் வாளும் கொம்பும் ஏந்தி இன்றும் சினம் தணியாது நிற்கிறான். விசயநகர வேந்தர் நாளில், 1500களின் தொடக்கத்தில், சிற்பி கல்லில் கண்ட வாள் அது. கல்வாள் கூர் மழுங்காதிருக்க, சிற்பியின் கண்முன் ஒளிர்ந்த இரும்புவாள் எங்கே போயிற்று? அதை அடித்த கொல்லனே, நீ எங்கே போனாய்?

சேற்றூரும் சிவகிரியும் கொல்லங்கொண்டானும் பாளையங்களாய் விளங்கிய காலத்து இந்த மேற்குமலை அடிவாரத்தில் உன் கைவினை விளங்காத முற்றம் இல்லை. நேரிய வாள், பிறைபோல் வளைந்த வாள், குறுக்குப்பிடி உள்ளங்கையில் அடங்க முட்டியின் நீட்சியாய்ப் பாயும் கட்டாரி, நெளிந்த பிச்சுவா, ஓடுவான் காலைத் தேடிச் செல்லும் வளரி. ஆந்திர நாட்டினின்று படைத்தொழிலோடு வந்து இராசபாளையத்தில் குடியமர்ந்த இராசுக்களும் வாளை நம்பி வாழ்ந்தவரே. ஆங்கிலக் கும்பினியின் படைத்தலைவன் யூசுப்கான் திருவில்லிபுத்தூர்க் கோட்டையில் தங்கிப் பாளையக்காரர் பூலித்தேவரை எதிர்த்ததும், 1767இல் வாசுதேவநல்லூர்க் கோட்டை வீழ்ந்ததும் ஊரறிந்தவை. வீழ்ந்தோருக்கு நடுகல் உண்டு, கதைப்பாட்டு உண்டு. 1801 டிசம்பர் 1ஆம் நாள் சென்னை ஆளுநர் எட்வர்டு கிளைவின் பறையறிவிப்பு பாளையத்தார் படைக்கலம் ஏந்துவதை விலக்கியபோது, அன்றோடு வேலையற்றுப்போன உனக்கு யார் கல் நட்டார்?

உன் அறிவை என்னென்பேன்! கொடுமணலிலும் மேல்சிறுவளூரிலும் அகழ்ந்தோர் கண்டது உன் இனத்தார் வைத்துப்போன உலைகளின் எச்சம். மண்மூசைக்குள் இரும்புத் துண்டுகளை இட்டு, ஆவாரங்கட்டை சேர்த்து, பச்சிலையால் மூடி, களிமண்ணால் வாய் பூசி, கரிநெருப்பில் அடுக்கி, துருத்தி ஓயாமல் ஊதினாய். மரத்தின் கரி இரும்பினுள் புகுந்தது. நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு அளவில் கரியேறிய உருக்காய் அது மெல்ல ஆறிக் கட்டியாயிற்று. அக்கட்டியை வாளாய் நீட்டுவது அதனினும் அரிது. வெண்ணிறம் ஏறக் காய்ச்சினால் சுத்தியடியில் பொரிந்து உதிரும். கருஞ்சிவப்புக்குக் குளிர்ந்தபின் அடித்தால் விரிசல் விடும். இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட செந்நிறத்தைக் கண்ணால் மட்டும் பிடித்து, நூறுமுறை உலையில் இட்டு எடுத்தாய். தென்னாட்டு உருக்கு கடல் கடந்து மேற்காசியாவில் வாளானபோது, நீரலைபோல் வரிபடர்ந்த அதன் மேனியை உலகம் டமாஸ்கசின் பெயரால் புகழ்ந்தது. 1795இல் ஜார்ஜ் பியர்சன் இலண்டன் அரச கழகத்தில் அதைப்பற்றிக் கட்டுரை படித்தார். பின்னர், கொல்லன் மகனான மைக்கேல் பாரடே அதன் கமுக்கம் தேடி உழைத்தார். உருக்கைக் கேட்டார்கள். உன்னைக் கேட்டாரில்லை.

ஐயோ, 1863! தஞ்சை அரசு கும்பினியார் கைப்பட்டுச் சில ஆண்டுகளில், அரண்மனைப் படைக்கலங்களில் சிலவற்றைச் சென்னை அருங்காட்சியகத்துக்கெனப் பொறுக்கி எடுத்து, எஞ்சியவற்றைத் திருச்சிராப்பள்ளியில் உடைத்துப் பழைய இரும்பாக விற்றார்கள். வாளுக்கு நாள் பார்த்தும், வாளை நீராட்டி மங்கலம் பாடியும் புறப்பாட்டில் துறை வகுத்த தமிழில், வாளை எடைக்கு விற்ற நாளுக்கு ஒரு துறை இல்லை. பகை முறித்ததாயின் ஆறியிருப்பேன். தராசுத் தட்டில் குவிந்ததை எவ்வாறு ஆறுவேன்? 1878இன் படைக்கலச் சட்டமும், கரிக்கு மரம் வெட்ட இடம் தராத வனச்சட்டங்களும், கப்பலில் வந்த மலிவான உருக்கும் எஞ்சிய உலைகளையும் அவித்தன.

இன்று இராசபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியில் தறிகள் நெய்வது புண்ணைக் கட்டும் துணி. அது நன்று; குருதி வேண்டி நான் அழவில்லை. கருப்பசாமிக்கு நேர்ந்துவிடும் அரிவாளை அடிக்கப் பட்டறைகள் இன்னும் உண்டு. லாரிப் பட்டையை வெட்டிக் காய்ச்சி, நிறம் பார்த்து எடுத்து, முனை வளைத்து, விளிம்பை மட்டும் நீரில் தோய்க்கிறார் கொல்லர். நிறம் பார்க்கும் அந்தக் கண் உன்னுடையது. உருக்கோ எங்கோ ஓர் ஆலையில் பிறந்தது. மூசைக்கு எந்த மண், இலை எத்தனை, துருத்தியை எப்போது நிறுத்துவது என்று அவரைக் கேட்டால், சொல்ல ஒரு சொல்லும் அவரிடம் விட்டுவைக்காமல் போனாயே, ஐயனே!