கல் மலையிலே தண்ணீர் – செஞ்சிக்கு ஒரு குடும்பப் பயணம்

சரஸ்வதி பூஜையோடு சேர்ந்து மூன்று நாள் லீவு வந்தது. "எல்லாரும் ஊட்டி, ஏற்காடுன்னு போறாங்க. நீங்க போயும் போயும் கல் மலைக்கா போறீங்க?" என்று பக்கத்து வீட்டு மாமி கேட்டார். செஞ்சியைப் பார்க்க வேண்டும் என்பது எனக்குப் பள்ளிக்கூடத்து நாளிலிருந்தே ஆசை. பூஜைக்குக் கட்டிய வாழைக்கன்றோடு நின்ற காரிலேயே கிளம்பி விட்டோம். நான், என் கணவர், பத்து வயது மகள், மூன்று வயது மகன், மாமியார்.

திண்டிவனம் வரை வழக்கமான நெடுஞ்சாலைதான். அங்கே திருவண்ணாமலை ரோட்டில் திரும்பி 28 கிலோ மீட்டர். கொஞ்ச தூரம் போனதுமே பூமியின் முகம் மாறி விடுகிறது. வயல்களுக்கு நடுவே திடீர் திடீரென்று பாறைக் குன்றுகள். யாரோ ராட்சசன் வண்டி வண்டியாகக் கல்லைக் கொண்டு வந்து கொட்டினது போல, ஒன்றின் மேல் ஒன்றாக உருண்டைப் பாறைகள். இடுக்கில் முட்செடிகளைத் தவிர வேறு பசுமை அதிகம் இல்லை. ஊரை நெருங்கினால், அந்தக் குன்றுகளின் மேல் மதில் ஏறி இறங்குவது தெரிகிறது.

ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்று மூன்று மலைகள். மூன்றையும் இணைத்து வளைத்துக் கட்டின மதில்கள். காரை விட்டு இறங்கி அண்ணாந்து பார்த்த மாமியார் கேட்ட முதல் கேள்வி, "இத்தனை ஜனங்க இங்க இருந்தாங்களே, தண்ணிக்கு என்னடி பண்ணினாங்க?" என்பதுதான்.

சரித்திரப் புத்தகங்கள் பீரங்கியைப் பற்றிச் சொல்லும். குடித்தனம் நடத்தினவர்களுக்குத்தான் இந்தக் கேள்வி தோன்றும்! யோசித்துப் பாருங்கள். 1677-ல் சத்ரபதி சிவாஜி இந்தக் கோட்டையைப் பிடித்தார். பின்னால் அவர் மகன் ராஜாராம் இங்கே வந்து தங்க, 1690-ல் மொகலாயப் படை முற்றுகையிட்டது. கோட்டை விழுந்தது 1698-ல்! அதற்குள் ராஜாராம் தப்பிப் போய்விட்டார். அத்தனை வருஷம் உள்ளே இருந்தவர்கள் சாப்பிட்டிருக்க வேண்டும், குளித்திருக்க வேண்டும், குழந்தை பெற்றிருக்க வேண்டும் அல்லவா?

பதில் அடிவாரத்திலேயே கிடைத்தது. ஆனைக்குளம், செட்டிகுளம், சக்கரக்குளம் என்று குளங்கள். கனத்த சுவரும் வளைந்த கூரையுமாக நெற்களஞ்சியம். உள்ளே பேசினால் குரல் எதிரொலிக்கிறது. அரண்மனைப் பெண்கள் இருந்த கல்யாண மகால் எட்டு அடுக்கு; மண்குழாய் வழியாக அதற்குத் தண்ணீர் வந்ததாம். "நம்ம மாடிக்கு மோட்டார் போட்டும் தண்ணி ஏற மாட்டேங்குது!" என்றார் மாமியார்.

ராஜகிரி சுமார் 800 அடி உயரம். மாமியாருக்கு முழங்கால் வலி. சின்னவனைத் தூக்கிக் கொண்டு ஏற முடியாது. நான் வழக்கம் போல், "நீங்க ரெண்டு பேரும் போயிட்டு வாங்க, நான் பார்த்துக்கறேன்" என்று கணவரிடமும் மகளிடமும் சொன்னேன். மாமியார் விடவில்லை. "ஆசைப்பட்டு வந்தது நீ. பையனை நாங்க பார்த்துக்கறோம். பொண்ணைக் கூட்டிக்கிட்டு நீ ஏறு" என்று தண்ணீர் பாட்டிலை என் கையில் திணித்தார். வீட்டில் யாராவது ஒருவர் இப்படிச் சொன்னால் போதும், நமக்கு முழங்கால் தானாக மடங்கும்!

படிகள் சில இடங்களில் செங்குத்து. மூச்சு வாங்கும் போதெல்லாம் உட்கார்ந்தோம். வழியில் கமலக்கண்ணி அம்மன் கோயில். உச்சிக்குச் சற்று முன்னால் மலையே இரண்டாகப் பிளந்தது போல் ஒரு பள்ளம். அதன் மேல் சிறு பாலம். இதை எடுத்து விட்டால் எதிரி எப்படி வருவான்? மேலே ரங்கநாதர் கோயில், களஞ்சியம், மழைநீர் தேங்கும் சுனை. அத்தனை உயரத்தில், கல்லுக்கு நடுவே தண்ணீர்! கீழே ஏரிகளும் வயல்களும் பாய் விரித்தாற் போல் தெரிந்தன.

அங்கே உட்கார்ந்து மகளுக்குத் தேசிங்கு ராஜன் கதை சொன்னேன். 1714-ல் ஆற்காட்டு நவாப்பை எதிர்த்து, சிறு படையோடு போய் மாண்ட இளைஞன். அவன் ராணி உடன்கட்டை ஏறினாள் என்பார்கள். ராணிப்பேட்டை அவள் நினைவாக வந்த பெயர் என்றும் சொல்வதுண்டு.

"அவளுக்கு என்ன வயசும்மா?"

"சின்னப் பொண்ணுதான்."

"ஏம்மா அப்படிப் பண்ணினா?"

"அதுதான் பெருமைன்னு அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தாங்க. அது பெருமை இல்லடி, கொடுமை" என்றேன். சென்னை மாகாணத்தில் சட்டம் போட்டு அதைத் தடுத்தது 1830-ல்தான். வீரக் கதையைச் சொல்லும் போது இதையும் சேர்த்தே நம் பெண்களுக்குச் சொல்ல வேண்டும்.

மறுநாள் பக்கத்திலுள்ள சிங்கவரம் போனோம். பாறையைக் குடைந்த பல்லவர் காலத்துக் கோயில். பெரிய உருவில் ரங்கநாதர் சயனம். திரும்பும் வழியில் கூடையோடு சீத்தாப்பழம் வாங்கினோம்.

2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த 12 மராட்டியக் கோட்டைகளில், மகாராஷ்டிரத்துக்கு வெளியே இருப்பது செஞ்சி ஒன்றுதான். கூட்டம் இனி அதிகமாகும். போகிற சகோதரிகளுக்குச் சில குறிப்புகள்: சித்திரை, வைகாசி வேண்டாம், ஐப்பசிக்கு மேல் தை வரை நல்லது. காலையிலேயே ஏறி விடுங்கள்; பிற்பகலில் ஒரு நேரத்துக்கு மேல் ஏற விடுவதில்லை. ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், உப்புப் போட்ட நீர்மோர், குழந்தைகளுக்குத் தொப்பி, வழுக்காத செருப்பு அவசியம். தயிர் சாதமும் புளியோதரையும் கட்டிக் கொண்டு போகலாம். ஆனால் குரங்குகள் ஏராளம். பையை மூடியே வைத்திருங்கள். இலையையும் காகிதத்தையும் குளத்தில் போடாமல் திரும்பக் கொண்டு வாருங்கள். கோட்டையைக் காப்பாற்றின தண்ணீர் ஆயிற்றே!