நாக்கிங்கா, வெறும் சத்தமா?

பெட்ரோல் இன்ஜினில் நாக்கிங்கைக் கண்டுபிடிக்கும் சர்க்யூட்டை வீட்டிலேயே செய்வது பெரிய வித்தை இல்லை. பிளாக்கில் போல்ட் போட்டு இறுக்கும் பீசோ சென்சார் பழைய கார்களிலிருந்தே கிடைக்கும். அதன் சிக்னலைப் பெருக்க ஓர் ஆப்-ஆம்ப், வேண்டிய அதிர்வெண்ணை மட்டும் உள்ளே விடும் ஃபில்டர், ஒரு மைக்ரோகன்ட்ரோலர், அவ்வளவுதான். அதற்கும் பொறுமை இல்லாதவர்கள் இந்த வேலைக்கென்றே வந்த டிபிஐசி8101 சிப்பை வாங்கிப் பற்றவைத்துக்கொள்ளலாம். தொல்லை பிறகுதான் தொடங்குகிறது. திரையில் கோடு ஒன்று எகிறுகிறது. அது நாக்கிங்தான் என்று எதை வைத்துச் சொல்வது? மெகாஸ்குவர்ட், ஸ்பீடுயினோ போன்ற இசியூக்களை, அதாவது இன்ஜின் கட்டுப்பாட்டுக் கணினிகளை, தாமே கட்டிக்கொள்கிறவர்கள் ஃபில்டருக்குக் கொடுக்கும் நேரத்தில் பாதியையாவது இந்தக் கேள்விக்குக் கொடுக்க வேண்டும் என்பது என் கட்சி.

ஃபில்டர்மீது மோகம் வரக் காரணம் உண்டு. ஸ்பார்க் மூட்டிய தீ பரவி வந்து சேருமுன், ஓரத்தில் நசுங்கிக் கிடக்கும் மிச்சக் கலவை தானாகவே எரிந்து வெடிப்பதுதான் நாக்கிங். அப்போது எழும் அழுத்த அலை சிலிண்டர் சுவர்களில் மோதி மோதி ஒலிக்கிறது. சார்லஸ் ஸ்டார்க் டிரேப்பர் 1930களில் எம்ஐடியில் இதை ஆராய்ந்தார். அவர் பெயரில் வழங்கும் சமன்பாட்டின்படி, வாயுவில் ஒலி செல்லும் வேகத்தை 1.84ஆல் பெருக்கி, சிலிண்டரின் சுற்றளவால் வகுத்தால் முதல் அதிர்வெண் கிடைக்கும். டொயோட்டாவின் 2ஜேஇசட், நிசானின் எஸ்ஆர்20 இரண்டிலும் சிலிண்டர் விட்டம் 86 மி.மீ. வேகத்தை நொடிக்கு 950 மீட்டர் என்று வைத்தால் சுமார் 6.5 கிலோஹெர்ட்ஸ் வருகிறது. இவ்வளவு துல்லியமான எண் கையில் கிடைத்ததும் பாதி வேலை முடிந்த நினைப்பு வந்துவிடுகிறது. ஆனால் பிஸ்டன் இறங்க இறங்க வாயு குளிர்ந்து, அந்த எண்ணும் இறங்குகிறது. வால்வு சீட்டில் வந்து அடிப்பதும் பிஸ்டன் சுவரில் இடிப்பதும் உலோக அடிகள். அவற்றின் ஒலி பல அதிர்வெண்களில் சிதறும், 6.5 கிலோஹெர்ட்ஸும் அதற்குள் அடங்கும்.

இன்றைய மைக்ரோகன்ட்ரோலரில் ஃபூரியர் கணக்குப் போட்டால் எல்லாம் தனித்தனியாகப் பிரிந்துவிடாதா என்று கேட்பார்கள். போட்டுப் பார்க்கலாம். நாக்கிங் வரக்கூடியது பிஸ்டன் உச்சியில் நிற்கும் டாப் டெட் சென்டரைத் தாண்டிச் சுமார் 10 டிகிரியிலிருந்து 70 டிகிரி வரைதான்; அந்த இடைவெளியில் மட்டும் கேட்பதே முறை. 6,000 ஆர்பிஎம்மில் அந்த 60 டிகிரியைக் கடக்க 1.7 மில்லி செகண்டுகூட ஆகாது. 6.5 கிலோஹெர்ட்ஸ் அலை அதற்குள் பதினோரு முறைதான் ஆடி முடிக்கும். இவ்வளவு சிறிய துண்டை வைத்துக்கொண்டு சுமார் 600 ஹெர்ட்ஸ் நெருக்கத்தில் உள்ள இரண்டு ஒலிகளைப் பிரிக்க ஃபூரியர் கணக்கால் ஆகாது. எந்த நேரத்தில் கேட்கிறோம் என்பதைச் சரியாக வைத்தாலே வால்வுச் சத்தத்தில் ஒரு பகுதி வெளியே நின்றுவிடும். என் கணக்கில் கிராங்க் சென்சாரின் துல்லியம் ஃபில்டரின் துல்லியத்தைவிட முக்கியம்.

அப்படியும் உள்ளே வருவதைப் பிரிக்க நம்பகமான வழி, ஸ்பார்க் விழும் நேரத்தை, அதாவது டைமிங்கை, மாற்றிப் பார்ப்பது. முதலில் நல்ல ஆக்டேன் பெட்ரோல் ஊற்றி, டைமிங்கைச் சில டிகிரி பின்தள்ளி, நாக்கிங்குக்கு வழியே இல்லாத நிலையில் ஒவ்வொரு ஆர்பிஎம்மிலும் வரும் சத்தத்தைப் பதிவு செய்ய வேண்டும். வேகம் கூடக் கூட அது பல மடங்கு ஏறும். ஒரே வரம்பை எல்லா வேகத்துக்கும் வைப்பவர்கள் ஏமாறுவது இங்கேதான். பிறகு நடுத்தர வேகத்தில் டைமிங்கை ஒவ்வொரு டிகிரியாக முன்தள்ளும்போது சிக்னல் எகிறி, இரண்டு மூன்று டிகிரி பின்வாங்கியதும் அடங்கினால் சந்தேகம் வலுக்கிறது. டைமிங்கைப் பின்தள்ளினால் சிலிண்டர் அழுத்தம் குறைந்து பிஸ்டன் இடிப்பும் குறையுமே என்ற ஆட்சேபம் சரியானது. ஆனால் அந்த இடிப்பு ஒவ்வொரு சுழற்சியிலும் ஏறக்குறைய ஒரே அளவில் வரும், படிப்படியாகக் குறையும். தொடக்கநிலை நாக்கிங் அப்படி இல்லை; ஒரு சுழற்சியில் பலமாக அடித்து அடுத்ததில் காணாமல் போகும். அதனால் சராசரியை மட்டும் பதிவு செய்யும் லாகர் இதற்கு உதவாது, ஒவ்வொரு வெடிப்பும் தனித்தனியாகத் தெரிய வேண்டும். வேண்டுமென்றே நாக்கிங்கை வரவழைப்பது இன்ஜினுக்கு ஆபத்தில்லையா? உயர் வேகத்திலும் முழு டர்போ அழுத்தத்திலும் ஆபத்துதான், அங்கே இதைச் செய்யவே கூடாது. நடுத்தர வேகத்தில் ஓரிரு லேசான அடிகளால் பிஸ்டன் உடைந்துவிடாது.

காது போதாதா என்பவர்களும் உண்டு. நுனியைத் தட்டையாக்கிய செம்புக் குழாயை பிளாக்கில் முடுக்கி, மறுமுனையை ரப்பர் டியூப் வழியாகக் காதுக்குக் கொண்டுவரும் டியூனர்கள் இன்றும் இருக்கிறார்கள். ஒழுங்கில்லாத அடியைப் பிடிப்பதில் காது கெட்டிதான். ஆனால் 6,000 ஆர்பிஎம் இரைச்சலில் அது திணறும். வயது ஏறினால் முதலில் மங்குவதும் இந்த உயர் அதிர்வெண்களே. கருவி முதலில் சொன்னதைச் சரிபார்க்கும் இரண்டாம் சாட்சியாகக் காதை வைத்துக்கொள்ளலாம்.

இவையெல்லாம் சென்சார் உயிரோடு இருந்தால்தான். வயர் அறுந்தாலோ, 20 நியூட்டன் மீட்டரில் முடுக்க வேண்டிய போல்ட் தளர்ந்தாலோ திரையில் கோடு சமமாகப் படுத்துக்கிடக்கும், இன்ஜின் ஆரோக்கியமாக ஓடுவதுபோலவே. கார் கம்பெனிகளின் இசியூக்கள் இதைச் சும்மா விடுவதில்லை. வேகம் ஏறியும் பின்னணிச் சத்தம் ஏறவில்லை என்றால் சென்சார் பழுது என்று குறித்துக்கொண்டு டைமிங்கைத் தாமே பின்தள்ளிவிடும். வீட்டில் கட்டிய சர்க்யூட்டுக்கும் நாலைந்து வரி புரோகிராமில் இதைச் சேர்க்கலாம்: 4,000 ஆர்பிஎம்மிலும் ஐடிலிங்கில் இருந்த அளவே சத்தம் வந்தால், வேறு எதையும் பார்க்காமல் டைமிங்கைப் பின்தள்ளு.