கவட்டையில் சிக்கிய வெள்ளி

தை அறுப்பு முடிந்தால் எங்கள் களத்தில் நெல் அம்பாரமாகக் குவிந்து கிடக்கும். யாராவது அள்ளினால் தெரியட்டும் என்று அதன்மேல் சாணிப்பாலால் குறி போட்டுவிட்டு, பக்கத்திலேயே கயிற்றுக் கட்டிலில் தாத்தா காவலுக்குப் படுப்பார். அவருக்குத் துணை நான். துணை என்றால், போர்வையில் முக்கால்வாசியை இழுத்துக்கொள்ளும் துணை. புது வைக்கோல் வாசனை, தாத்தாவின் புகையிலை நெடி, வாய்க்கால் பக்கம் தவளைகளின் கூச்சல், எல்லாவற்றுக்கும் மேலே கண்கொள்ளாத வானம்.

தாத்தாவிடம் கடிகாரம் கிடையாது. ஆறாமீன் உச்சி சாய்ந்து வைக்கோல்போர் பக்கம் இறங்கினால் ஒரு தூக்கம் ஆயிற்று. பின்னாலேயே வரும் மூணு வெள்ளியும் மேற்கே தென்னை மட்டைக்குள் புகுந்தால் விடிய இன்னும் ஒரு சாமம்.

வெள்ளி நகர்வதைக் கையும் களவுமாகப் பிடித்துவிட வேண்டும் என்று எனக்கு ஒரு வீம்பு. ஓணான் அடிக்க வைத்திருந்த கவட்டையை மண்ணில் ஊன்றி, கன்னத்தைக் கட்டில் சட்டத்தில் அழுத்தி, ஒற்றைக் கண்ணால் மூணு வெள்ளியில் ஒன்றை அதன் நடுவே நிறுத்துவேன். மூக்கு அரித்தாலும் சொறிய மாட்டேன். இரண்டே நிமிஷத்தில் ஒரு முழுநிலா அகலத்துக்கு நழுவி, கொஞ்ச நேரத்தில் கொம்புக்குப் பின்னால் போய்விடும். வடக்கே பனைக்குப் பக்கத்தில் தாழ்வாக மினுங்கும் துருவ நட்சத்திரம் மட்டும் அசையாது. அதன்மேல் எனக்குப் பெரிய மரியாதை இல்லை. வேலை செய்யாத வெள்ளி!

பிறகு பள்ளிக்கூடத்தில் சொன்னார்கள்: திரும்புவது பூமி, மணிக்கு 15 பாகை, துருவ நட்சத்திரம் அச்சுக்கு நேரே இருப்பதால் நிற்கிறது. படகில் போகிறவனுக்குக் கரை பின்னோக்கி ஓடுகிற மாதிரிதான் இது என்று 499-லேயே ஆரியபட்டர் எழுதிவிட்டாராம். பூமி சூரியனையும் சுற்றுவதால் ஒவ்வொரு வெள்ளியும் தினம் 4 நிமிஷம் முந்திக்கொள்ளும், மாசத்துக்கு 2 மணி நேரம். இது மட்டும் தாத்தாவுக்குப் புதிதில்லை. "தை பொறந்தப்ப இருந்த எடத்துல இப்பப் போயி தேடுறியே, மாசி வந்துடுச்சில்ல" என்பார்.

சுழலும் சங்கதியை அன்று ராத்திரியே அவரிடம் சொன்னேன். வெற்றிலையை மென்றபடி கேட்டார்.

"எந்தப் பக்கமாடா சுத்துது?"

"கெழக்கால தாத்தா. நம்ம ஊரு மணிக்கு 1,600 கிலோமீட்டருக்கு மேல போவுதாம்."

ஒரு மணிகூடச் சரியாமல் கிடந்த அம்பாரத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். எழுந்து கட்டிலின் ஒரு முனையைத் தூக்கினார்.

"அப்பத் தலமாட்ட மேக்கால தள்ளிப் போடு. எதுத்தாப்ல வர்றது தெரிய வேணாமா?"