பெயரிடும் முன் பொறுத்தல்

வீட்டில் கடல்நீர் மீன்தொட்டி அமைப்பவர் விலை கொடுத்து வாங்குவன சில மீன்களும் சில உயிர்ப்பாறைகளுமே. அப்பாறை வெறும் கல் அன்று. பெரும்பாலும் இறந்த பவளத்தின் சுண்ணாம்புக் கூடு. அதன் துளைகளுக்குள் கடற்பஞ்சு, புழு, சிறு நண்டு, இறால் எனப் பல உயிர்கள் குடியிருக்கும். விளக்கணைத்த பின் டார்ச் ஒளியில் பார்ப்பவருக்கே தம் தொட்டியில் உண்மையில் யார் யார் வாழ்கின்றனர் என்பது புலப்படும்.

அப்போது, ‘இது என்ன?’ என்ற கேள்விக்கு முன்பாகவே ‘இதை எப்படி ஒழிப்பது?’ என்ற கேள்வி எழுந்துவிடுகிறது. இந்த அவசரத்திற்கு விலை உண்டு.

இரவில் தொட்டியிலிருந்து ‘டக்’ என்று ஓர் ஒலி கேட்கிறது. அது கொடுக்கைச் சொடுக்கும் இறாலாக இருந்தால் பெரும்பாலும் மீன்களுக்கு அச்சமில்லை. சம்மட்டி போன்ற முன்னங்காலால் நத்தை ஓட்டை உடைக்கும் மாண்டிஸ் இறாலாக இருந்தால் மற்ற உயிர்கள் தப்புவது கடினம். ஒலி ஒன்று, உயிர் வேறு. பழுப்பு நிற ஐப்டேசியா என்னும் சிறு கடற்சாமந்தியைக் களையென்று சுரண்டி எறிந்தால், பாறையில் எஞ்சும் அடிப்பகுதித் துணுக்குகளே புதிய சாமந்திகளாக வளர்கின்றன. எல்லாவற்றினும் கொடியது, ஸோவாந்திட் படர்ந்த பாறையைக் கொதிநீரால் தூய்மை செய்வது. அவற்றுட் சில வகைகளில் உள்ள பாலிடாக்சின் என்னும் நஞ்சு ஆவியோடு கலந்து மூச்சில் ஏறி மனிதரையே வீழ்த்தும். அலாஸ்காவில் 2012 முதல் 2014 வரையிலான காலத்தில் மீன்தொட்டிக் கடைகளிலும் வீடுகளிலும் ஸோவாந்திட்களால் நேர்ந்ததாகக் கருதப்படும் பாதிப்புகளை அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறையினர் பதிவு செய்துள்ளனர்.

அவசரமாக இடப்பட்ட பெயர் அறிஞர் உலகையும் ஏமாற்றியதுண்டு. 1883ஆம் ஆண்டு ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரில், ஃபிரான்ஸ் ஐல்ஹார்ட் ஷுல்ட்சே கடல்நீர்த் தொட்டியொன்றில் ஊர்ந்த சாம்பல் நிறத் துணுக்கைக் கண்டு விவரித்தார். அது ஓரிரு மில்லிமீட்டர் அகலமே உடையது. வாய், நரம்பு, தசை எதுவும் இல்லை. வடிவமோ நொடிக்கு நொடி மாறும். அவர் அதற்கு ட்ரைக்கோபிளாக்ஸ் அட்ஹேரன்ஸ் என்று பெயரிட்டார். ஒட்டும் மயிர்த்தட்டு என்பது அதன் பொருள். 1907இல் திலோ கிரும்பாக், அது தனி விலங்கன்று, ஹைட்ரோசோவா வகை உயிரொன்றின் லார்வாவே என்றார். அக்கூற்று பாடநூல்களில் ஏறியது. விலங்கோ பல பத்தாண்டுகள் ஆய்வாளர் கவனத்திலிருந்து நழுவியது. 1971இல் கார்ல் கிரெல் அதற்குப் பிளாக்கோசோவா என்னும் தனித் தொகுதியையே வகுத்தார். 2008இல் அதன் முழு மரபணுத்தொகை வெளியானது. விலங்குகளின் தொடக்கத்தை ஆராய்வோர்க்கு இன்று அது இன்றியமையாத சான்று.

ஷுல்ட்சேயின் விலங்கு அறியப்படாமல் கிடந்திருந்தால், யாரேனும் அதை மீண்டும் தேடியிருக்கக்கூடும். அறியப்பட்டுவிட்டது என்று எண்ணியதே தேடலை நிறுத்தியது. ‘தெரியவில்லை’ என்ற குறிப்பு கதவைத் திறந்து வைக்கிறது. தவறான பெயர் அதைத் தாழிடுகிறது.

ஆகவே தொட்டியில் புதிய உயிரொன்றைக் காண்பவர் செய்ய வேண்டியவை எளியவை: வெறுங்கையால் தொடாதிருத்தல், அளவுகோலை அருகில் வைத்துப் படமெடுத்தல், எந்த நேரத்தில் வெளிவருகிறது, எதைத் தின்கிறது என்று குறித்து வைத்தல், மற்ற உயிர்களைக் கொல்வதாகத் தெரியாதவரை சில வாரங்கள் பொறுத்தல். கண்ணாடியில் படிந்த பாசியைத் துடைக்கும் முன்பும் ஒரு கணம் உற்றுப் பார்க்கலாம். அழுக்கெனத் தோன்றும் அந்தச் சாம்பல் நிறப் புள்ளி மெல்ல நகரவும் கூடும்.