கான்ஸ்டான்ஷியாவின் இனிப்பு

காதலன் கைவிட்டுப் போன பெண்ணுக்கு மருந்தாக ஒரு கிண்ணம் கான்ஸ்டான்ஷியா ஒயின். ஜேன் ஆஸ்டினின் ‘சென்ஸ் அண்ட் சென்சிபிலிட்டி’ நாவலில் (1811) மிசஸ் ஜென்னிங்ஸ் அதை எடுத்துவருகிறாள். மரியான் உறங்கப் போய்விட்டதால் அக்கா எலினார் தானே வாங்கிக் குடிக்கிறாள். அவளுக்கும் ஒரு மனமுறிவு உண்டு, யாரிடமும் சொல்லவில்லை. அந்த நாவலில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. அந்தப் பிரியத்தால்தான் கிண்ணத்தில் இருந்தது எங்கிருந்து வந்தது என்று தேடிப் போனேன்.

தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனுக்குத் தெற்கே, மலைச்சரிவில் இருக்கிறது கான்ஸ்டான்ஷியா. டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆளுநர் சைமன் வான் டெர் ஸ்டெல் 1685இல் பெற்ற நிலம். மஸ்கட் வகை வெள்ளைத் திராட்சையைக் கொடியிலேயே விட்டுச் சுருங்க வைப்பார்கள். பழம் வற்ற வற்றச் சாறு குறையும், இனிப்பு ஏறும். ஒரு பாட்டிலுக்கு நிறையப் பழம் வேண்டும், நிறையக் கைகளும் வேண்டும். செயின்ட் ஹெலினாவில் சிறையிருந்த நெப்போலியனுக்குக்கூட இந்த ஒயின் கப்பலேறிப் போனது. அதற்கு உழைத்த கைகள் அடிமைகளுடையவை.

அந்த அடிமைகள் மடகாஸ்கர், மொசாம்பிக், இந்தோனேசியத் தீவுகள், இலங்கை, வங்காளம் எனப் பல இடங்களிலிருந்து கொண்டுவரப்பட்டவர்கள். நம் சோழமண்டலக் கடற்கரையிலிருந்தும் ஆட்கள் போனார்கள். பழவேற்காட்டிலும் நாகப்பட்டினத்திலும் டச்சுக்காரர்களுக்குக் கோட்டைகள் இருந்தன. கேப் ஆவணங்களில் அடிமையின் பெயருக்குப் பின்னால் ஊரோ கரையோ ஒட்டிக்கொண்டிருக்கும். அப்பா அம்மா வைத்த பெயர் பெரும்பாலும் இருக்காது. ‘கரையைச் சேர்ந்த இன்னாள்’ என்ற அளவில் ஒரு பெண்ணின் வரலாறு முடிந்துவிடும். அவள் எந்த மொழியில் அழுதாள் என்பதற்குப் பதிவேட்டில் கட்டம் இல்லை.

ஒரு சிலரைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகத் தெரியும். வங்காளத்து ஏஞ்சலா அப்படி ஒருத்தி. கேப்பின் முதல் தளபதி யான் வான் ரீபேக்கின் வீட்டில் அடிமையாக இருந்தவள். பிறகு இன்னொருவருக்கு விற்கப்பட்டு, 1666இல் மூன்று பிள்ளைகளோடு விடுதலை பெற்றாள். அந்தப் பிள்ளைகளில் ஒருத்தி அன்னா டி கோனிங். அன்னா, கம்பெனியின் படை அதிகாரி ஓலொஃப் பெர்கை மணந்தாள். பெர்க் 1716இல் கான்ஸ்டான்ஷியாவை வாங்கினார். 1724இல் அவர் இறந்தபின் தோட்டம் அன்னாவின் கைக்கு வந்தது. தன் கடைசிக் காலம்வரை அவளே அதன் உடைமையாளர்.

அடிமையாய் இருந்த சிறுமி, உலகப் புகழ் பெற்ற தோட்டத்தின் எஜமானி! பெண்கள் தினத்துக்குத் தயாரிக்கும் ‘சாதனைப் பெண்கள்’ பட்டியலுக்கு இதைவிட நல்ல கதை கிடைக்காது. எனக்கும் கை பரபரத்தது. ஆனால் அன்னாவின் உடைமைகளில் மனிதர்களும் இருந்தார்கள். அவளும் அடிமைகளை வைத்திருந்தாள்.

இதை வைத்து அவளைத் தூற்றுவதில் எனக்கு விருப்பமில்லை. அன்றைய கேப்பில் விடுதலை என்பதற்கு இருந்த ஒரே வடிவம் உடைமை. அடிமைப் பெண்ணின் வயிற்றில் பிறந்த குழந்தை அடிமை என்பது சட்டம். அந்தச் சட்டத்திலிருந்து தப்பிய மகள், இன்னொருத்தியின் வயிற்றின்மீது அதே சட்டப்படி உரிமை கொண்டாட முடிந்தது. ஒரு பெண் மேலே ஏறியதால் ஏணியின் கீழ்ப்படிகளில் எதுவும் மாறவில்லை. உச்சிக்குப் போனவளை மட்டும் எண்ணும் பெண்ணியத்தின்மீது எனக்கிருக்கும் சந்தேகத்துக்கு அன்னாவே சாட்சி.

1834இல் அடிமைமுறை ஒழிக்கப்பட்டது. ‘பயிற்சிக் காலம்’ என்ற பெயரில் மேலும் நான்கு ஆண்டுகள் கட்டாய உழைப்பு. அதன்பிறகும் கேப் ஒயின் பண்ணைகளில் ‘டொப்’ வழக்கம் நிலைத்தது: கூலியில் ஒரு பகுதிக்கு மலிவான ஒயின், நாளுக்குப் பல முறை. சட்டம் தடுத்த பின்னும் நெடுங்காலம் அது ஓயவில்லை. கருவிலேயே மதுவால் பாதிக்கப்பட்ட குழந்தைகள் உலகிலேயே மிக அதிகமாகப் பதிவான இடங்களில் இந்த மேற்கு கேப் பகுதியும் ஒன்று. அந்தக் குழந்தைகளைப் பார்க்கிறவர்கள் முதலில் கேட்கும் கேள்வி, ‘தாய் ஏன் குடித்தாள்?’ கூலியாக ஒயினை ஊற்றிக் கொடுத்தவரிடம் கேள்வி போவதில்லை. குற்றம் வந்து சேரும் இடம் எப்போதும் கருப்பைதான்.

வீடும் அப்படியே. பல பண்ணைகளில் தொழிலாளி வீடு ஆணின் வேலையோடு கட்டப்பட்டிருந்தது. அவன் இறந்தால், வேலை போனால், அவளை அடித்து விரட்டினால்கூட, கூரையை இழப்பவள் அவள். பெண்கள் பெரும்பாலும் பருவகாலக் கூலிகள்.

இதையெல்லாம் அந்தப் பெண்களே பேச ஆரம்பித்தார்கள். 2004இல் ‘சிகுலா சொங்கே’ என்ற தொழிற்சங்கம் பதிவானது. கோசா மொழியில் ‘சேர்ந்து வளர்கிறோம்’ என்று பொருள். பெண்கள் தலைமை தாங்கும் சங்கம். கூலியோடு வீட்டு வன்முறை, குடி, வீட்டுரிமை எல்லாம் அதன் கோரிக்கைகள். 2012 நவம்பரில் டி டூர்ன்ஸ் திராட்சைப் பள்ளத்தாக்கில் வேலைநிறுத்தம் வெடித்தது. அப்போது குறைந்தபட்ச நாள்கூலி 69 ராண்ட். மறு ஆண்டு மார்ச்சில் அது 105 ராண்ட் ஆனது.

கான்ஸ்டான்ஷியாவின் பழைய இனிப்பு ஒயின் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் மங்கிப்போய், 1980களில் மீண்டும் உயிர்பெற்றது. இப்போது அதை வாங்குகிறவர்களுக்கு ஆஸ்டினின் பெயரும் நெப்போலியனின் பெயரும் சொல்லப்படுகின்றன. எனக்கு அந்தப் பட்டியலோடு அந்த 69 ராண்டும் வேண்டும். பதிவேட்டில் ‘கரையைச் சேர்ந்தவள்’ என்று மட்டும் எழுதப்பட்டிருக்கும் பெண்ணும் வேண்டும். நம் கரையிலிருந்து போனவள் அவள். அவளைத் தேடும் பொறுப்பு நமக்கும் உண்டு.